செல்வமலர் உபயம்

நான் செத்துப்போன விஷயம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியவந்தது. அப்போது நான் மெல்போர்னுக்கு வந்து சரியாக மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அடைத்த பெட்டி. உடம்பில் குளிருக்கு என் புருஷனின் ஜக்கெற், அது முழங்கால் வரைக்கும் தொங்கியது.

என் புருஷனின் பெயர் அருந்தவன். 2010இல் எங்களுக்குக் கல்யாணம். 2012 ஆடி மாசம், "ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு வருசம், மலர்" என்று சொல்லிவிட்டுப் படகேறினார். பிறகு தடுப்பு முகாம், பிறகு தற்காலிக விசா, பிறகு அந்த விசா முடிய இன்னொரு தற்காலிக விசா. ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது. என்னைக் கூப்பிடவும் முடியாது. நிரந்தர விசா இவர் கைக்கு வரப் பதினொரு வருசம் போனது, என்னுடைய விசாவுக்கு அதற்கு மேலே ஒன்றரை வருசம்.

நடுவில், இந்தியாவில் வைத்துச் சந்திப்போமா என்று ஒருமுறை கேட்டார். நான்தான் மாட்டேன் என்றேன். இரண்டு கிழமை முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏர்போர்ட்டில் நின்று அழுவதற்கு எனக்குத் தெம்பில்லை. "வாறதெண்டால் ஒரேயடியா வாறன்" என்றேன். பிள்ளை என்ற பேச்சை 2019க்குப் பிறகு நாங்கள் இருவரும் எடுக்கவேயில்லை. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. எடுக்காத பேச்சுத்தான் நெஞ்சில் கூடுதலாகக் கனக்கிறது.

ஆனால் போனில் கதைப்பதற்கு இவரை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு வேலை நாளும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு எடுப்பார். ஊரில் எனக்கு அப்போது காலை எட்டு மணி. நான் சேலை உடுத்திக்கொண்டு கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். இவர் ஒரு பெரிய தோட்டத்தில் தோட்ட வேலை செய்கிறார். இன்றைக்கு எந்த மரம் பூத்தது, எந்தக் கொப்பு முறிந்தது, குளத்துக் கறுத்த அன்னம் யாரைக் கொத்த வந்தது என்று அரை மணித்தியாலம் விடாமல் சொல்வார். பின்னால் ஒரு குருவிச் சத்தம் கேட்கும். கோயிலில் யாரோ சின்ன மணியை ஒற்றைத் தட்டுத் தட்டியது போல இருக்கும். அந்தக் குருவியைத் தவிர வேறு ஒரு சத்தமும் இராது. இவ்வளவு அமைதியான வேலையிடமும் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொள்வேன். கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான். "எப்ப மலர் வருவீர்?" நானும் ஒரே பதில்தான். "விசா வரட்டும், வாறன்."

சரி, விசா வந்தது. நானும் வந்தேன். ஏர்போர்ட்டில் தலை பாதி நரைத்த ஒரு மனுசன் நின்றார். "வந்திட்டீரோ" என்றார், பெட்டியை வாங்கினார். கதை அவ்வளவோடு நின்றுவிட்டது.

மெல்போர்ன் புறநகர் ரோவிலில் இரண்டு அறை வீடு. நான் வருகிறேன் என்று சுவருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார், குசினியில் புட்டுக் குழல்கூட வாங்கி வைத்திருந்தார். ஆனால் காலை ஆறு மணிக்குப் போவார், பின்னேரம் ஐந்துக்கு வருவார், நின்றபடியே தேத்தண்ணீர் குடிப்பார். நான் பாத்திரம் கழுவப் போனால், "நீர் இரும், நான் கழுவுறன்" என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொல்வார். கட்டிலில் அந்தக் கரையில் படுப்பார், நான் இந்தக் கரையில். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது எனக்குக் கிடைத்த மனுசன் ஒரே குசினிக்குள் நிற்கும்போது கிடைக்கவில்லை. இவர் வேலைக்குப் போன பிறகு பன்னிரண்டரை மணிக்குப் போனைப் பார்ப்பேன். வீட்டில்தானே இருக்கிறாள் என்று அந்த அழைப்பும் நின்றுவிட்டது.

மூன்று கிழமையில் எனக்கு ஒன்று விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். இந்த மனுசனுக்கு நான் தேவையில்லை. காத்திருந்து காத்திருந்து, காத்திருப்பதே பழகிப்போய்விட்டது.

எனக்கு ஊரில் அரசாங்க உத்தியோகம். பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பகுதியில் கிளாக். ஒரு வருசச் சம்பளமில்லா லீவில்தான் வந்திருந்தேன். லீவை முடித்துக்கொண்டு முன்னதாகவே வேலைக்குத் திரும்பலாமா என்று கேட்டுச் சனிக்கிழமை ஒரு ஈமெயில் எழுதினேன். எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை கந்தோர் திறக்கும் நேரத்துக்கு அனுப்புவதென்று முடிவு.

அன்று இரவு இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "நாளைக்கு எங்கட வேலையிடத்துக்குப் போவமோ? உமக்கு ஒண்டு காட்ட வேணும்" என்றார். மூன்று கிழமையில் இவர் சொன்ன மிக நீண்ட வசனம் அது.

ரோவிலில் இருந்து காரில் அரை மணித்தியாலம், மலையடிவாரம். விதர்லி ஹவுஸ் என்று பெயர். நூற்று நாற்பது வருசத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கம்பளி வியாபாரி கட்டியது. சின்ன வயதில் அவன் வீட்டார் வேலைக்கு நின்ற பிரபுவின் மாளிகையை, கல் ஜன்னல், புகைபோக்கி, வாசல் படி என்று நினைவிலிருந்து அப்படியே கட்டியிருக்கிறான். அதோடு விட்டானா? இருந்த யூக்கலிப்டஸ் காட்டை வெட்டிவிட்டு ஓக், எல்ம், லைம் மரங்களை நட்டு, ரோசாத் தோட்டம், குளம், ஆடு மேய்கிற புல்வெளி என்று ஊரையே இங்கே நட்டுவிட்டான். கடைசிவரைக்கும் திரும்பிப் போகவில்லையாம். அதை மட்டும் சரித்திரம் என்று டிக்கெட் வைத்துக் காட்டுகிறார்கள். எங்கள் ஆட்கள் ரோவிலில் வேலிக்கரையில் ஒரு முருங்கை நட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்கு எழுதிப் போடுகிறான்.

கேட்டைத் தாண்டியதும் இவருடைய நடை மாறிவிட்டது. தோள் நிமிர்ந்தது. "இது லைம் மரம், எங்கட தேசிக்காய் இல்லை, இது வேற" என்று தானாகவே சொன்னார். இலைகள் பழுத்து, பாதை முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. ரோசாத் தோட்டம் முடிந்ததும் இடது கைப்பக்கம் குளம் வரும் என்று நினைத்தேன், வந்தது. காதால் கேட்டே ஒரு தோட்டத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

மாளிகையின் பின்முற்றத்திலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே விரிப்பாகப் போய்த் தூரத்து ஓக் மரங்களில் முடிந்தது. அங்கே ஆடுகள் மேய்ந்தன. வேலி ஒன்றும் இல்லை.

"ஆடு இஞ்சாலை வந்து பூக்கண்டைத் தின்னாதோ?" என்று கேட்டேன்.

"கிட்ட வந்து பாரும்" என்றார்.

கிட்டப் போனால் நடுவில் ஆள் உயரப் பள்ளம். இந்தப் பக்கம் செங்குத்தாகக் கல்லுச் சுவர், அந்தப் பக்கம் புல்லுச் சரிவு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே நிலம். நடந்து போகிறவனுக்குத்தான் போக முடியாது என்று தெரியும். வேலி கண்ணில் படக்கூடாது, ஆனால் ஆடு உள்ளே வரவும் கூடாது என்று அந்தக் காலத்துத் துரைமார் கண்டுபிடித்த வேலையாம். எங்கள் கட்டிலின் நடுவில் இருப்பதும் இதுதான் என்று எனக்குப் பட்டது. வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

பள்ளத்தின் கரையில், புல்வெளியைப் பார்த்தபடி உட்காருவதற்கு ஒரு மர வாங்கு இருந்தது. எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. இவர் அதற்குப் பக்கத்தில் போய், பரிசு வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுதான். பாரும்."

சாய்மானத்தில் ஒரு பித்தளைத் தகடு. இங்கிலீஷில் வெட்டியிருந்தது. அன்புக்குரிய செல்வமலரின் நினைவாக. 1984, ஒரு சின்னக் கோடு, 2012.

எத்தனையோ ஆயிரம் இறப்புப் பத்திரம் எழுதிய கை என்னுடையது. பிறந்த வருசம், கோடு, அடுத்த வருசம் என்று வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.  ஒரு மனுசன் உயிரோடு இருக்கிற பெண்சாதியை ஏன் சாக்காட்டுவான்? இன்னொருத்தியைக் கட்டுவதற்கு. இல்லாவிட்டால், பாவம் என்று நாலு பேர் பார்ப்பதற்கு. மூன்று கிழமை மௌனத்துக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னைச் சாக்காட்டிப்போட்டீங்கள் என்ன?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"நான் எப்ப செத்தனான்? நீங்கள் படகேறின வருசமோ?"

இவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் கள்ளம் இருந்தால் எனக்குத் தெரியும், இருந்தது வெறும் முழிப்பு.

அந்த நேரம் பார்த்து ரோசாத் தோட்டப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கார மனுசி வந்தாள். அறுபது வயது இருக்கும், கையில் கையுறை, காலில் சேறு பட்ட சப்பாத்து. இந்தத் தோட்டத்துக்கு மேலாளர், பெயர் மார்கரெட். இவரைக் கண்டதும் சிரித்துக் கையைக் காட்டினாள். இவரும் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தி, "மை வைஃப், செல்வமலர்" என்றார்.

அந்த மனுசியின் முகம் வெளிறிப்போனது. என்னைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தொட்டுப் பார்ப்பதா விடுவதா என்று தெரியாமல் வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டாள்.

எனக்குக் கந்தோர் இங்கிலீஷ் போதும். மெதுவாகக் கேட்டேன். அவளும் மெதுவாகச் சொன்னாள்.

எட்டு வருசத்துக்கு முன்னால் இந்த இடத்தில் புது வாங்கு ஒன்று போட்டார்களாம். அருந்தவன் அவளிடம் போய், இதில் ஒரு பெயர் போடலாமா, அதற்காகச் சனிக்கிழமைகளில் சும்மா வேலை செய்து தருகிறேன் என்று கேட்டாராம். யார் என்று கேட்டதற்கு, என் மனைவி என்றாராம். அவளுக்கு மனசு உருகிப்போனது. பிறந்த ஆண்டைக் கேட்டாள். அதற்கு மேல், எப்போது செத்தாள் என்று நேரே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியாக அவளோடு இருந்தது எப்போது என்று நாசூக்காகக் கேட்டாள். இவர் 2012 என்றார். படகில் வந்த ஆள் என்பது அவளுக்குத் தெரியும். கடலில்தான் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாளாம். அதற்குப் பிறகு யாரும் இவரிடம் அந்தக் கதையை எடுக்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

"ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு இந்த வாங்கில் வந்து இருப்பார்" என்றாள் மார்கரெட். "தனியாகக் கதைப்பார். சிரிப்பார். சில நாள் அழுவார். அந்த அரை மணித்தியாலம் இந்தப் பக்கம் யாரும் புல்லு வெட்டும் மெஷினை எடுக்கக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். அவர் செத்துப்போன உங்களோடு கதைக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்."

அதுதான் அந்த அமைதி. அந்த ஒற்றைக் குருவியைத் தவிர வேறு சத்தம் கேட்காததற்குக் காரணம் என் சாவு.

இவருக்கு இப்போதுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முகம் சுருங்கிப்போய் என்னிடம் திரும்பினார்.

"கடவுளறிய எனக்குத் தெரியாது, மலர். எல்லா வாங்கிலயும் பேர் இருந்தது. நான் உபயம் எண்டெல்லோ நினைச்சன், 2012 நாங்கள் பிரிஞ்ச வருசம் எண்டு. எங்கட அம்மன் கோயிலில ரியூப் லைற்றில இருந்து தண்ணித் தாங்கி வரைக்கும் பேர் எழுதியிருக்கு. அவையெல்லாம் செத்தே போச்சினம்?"

"அதுக்கு உங்கட பேரைப் போடுறதுதானே? நீங்கள்தானே வேலை செய்து குடுத்தது?"

 பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மை உள்ள விட மாட்டன் எண்டு நிண்டாங்கள். ஒவ்வொரு முறையும் மனுப் போட்டு, ஒவ்வொரு முறையும் இல்லை எண்டாங்கள். அப்ப நினைச்சன், முதல் உம்மட பேராவது இந்த நாட்டுக்குள்ள வந்திருக்கட்டும் எண்டு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எட்டு வருசமாக இந்தத் தோட்டத்தின் பதினேழு வாங்குகளையும் துடைத்து எண்ணெய் பூசுகிற மனுசனுக்கு ஒருநாளாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தகடுகளில் இருக்கிற உபயகாரர் பாதிப்பேர் எண்பது, தொண்ணூறு வயதில் ஏன் உபயம் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா? இந்த அப்பாவியைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போவது? சந்தேகப்பட்டதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே தகட்டைக் கழற்றிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில், செத்துவிட்டாள் என்று பொய்ச்செய்தி வந்தால் அந்த ஆளுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள், இருக்கட்டும் என்று சொன்னேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல் எங்களைத் தனியாக விட்டுப் போனாள். பன்னிரண்டரை ஆக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

ஆயுசு என்று நான் சொன்னது பாதி உண்மை. மீதியை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தத் தகடு பிழையே இல்லை. 2012இல் வீட்டுப் படலையில் நின்று இவருக்குக் கையைக் காட்டிய செல்வமலருக்கு இருபத்தெட்டு வயது, முழங்கால் வரைக்கும் தலைமயிர், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவள் செத்துத்தான் போனாள். நான்தான் அவளை நாள் நாளாக எரித்தேன், கந்தோருக்குப் போகிற ஒவ்வொரு காலையும். இந்த மனுசன் இந்த வாங்கில் இருந்து இத்தனை வருசமும் கதைத்தது அவளோடுதான். இப்போது குசினியில் நிற்கிற, மூக்குக் கண்ணாடி போட்ட நாற்பத்தொரு வயதுப் பொம்பிளையோடு என்ன கதைப்பது என்று இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

இவர் வாங்கில் இருந்தார். நடுவில் இல்லை, இடது கரையில், ஓர் ஆள் இருக்க இடம் விட்டு. அதுதான் வழக்கமான இடம் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. மரத்தில் அந்த இடத்தில் மட்டும் மினுக்கம் தேய்ந்திருந்தது. "இரும்" என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. மறுபடியும் அந்த ஏர்போர்ட் மனுசன்.

நான் இருக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை வாங்கில் வைத்தேன். பள்ளத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளி ஒரு மரப்பாலம் இருந்தது. அதைக் கடந்து, ஆடுகளைத் தாண்டி, எதிரே நின்ற பெரிய ஓக் மரத்தடிவரை போனேன். திரும்பிப் பார்த்தால் இவர் அந்தக் கரையில் சின்ன உருவமாக, நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து எழும்பி நின்றார்.

பன்னிரண்டரை. போனை எடுத்து அடித்தேன்.

அங்கே இவர் சட்டைப்பையைத் தடவுவது தெரிந்தது.

"ஹலோ?"

"நான்தான்."

ஒரு மூச்சு. பிறகு அந்தக் குரல் வந்தது. மூன்று கிழமையாக வீடு முழுக்க நான் தேடிய குரல். "சொல்லும் மலர். சாப்பிட்டாச்சோ?"

எனக்குக் கண் மறைத்தது. "இன்னும் இல்லை. உங்கட இடத்தில இண்டைக்கு என்ன புதினம்?"

"அந்தப் பெரிய ஓக் எல்லோ, இலை கொட்டத் துவங்கிட்டுது. ரெண்டு கிழமையில மொட்டையாகிடும்." நிறுத்தினார். "மலர், ஒண்டு சொல்லட்டே? எனக்குப் பயமா இருக்கு. வீட்டில உம்மைப் பாக்கேக்க வாய் வருகுதில்லை. இவ்வளவு வருசம் உம்மை வீணாக்கிப்போட்டன். அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு என்னத்தைக் கதைக்கிறது?"

"எனக்கும்தான் பயம்" என்றேன். "நான் நேற்றுக் கந்தோருக்குத் திரும்பிப் போறதெண்டு ஈமெயில் எழுதி வைச்சிருக்கிறன்."

 அந்த மணிக்குருவி மட்டும் அடித்தது, போனுக்குள் ஒருதரம், மரத்தில் ஒருதரம்.

"அனுப்பிட்டீரோ?"

"இல்லை."

நான் நடக்கத் தொடங்கினேன். நடந்துகொண்டே, என் முடி கொட்டிய கதையையும், முழங்கால் நோவையும், பிள்ளைப் பேச்சை எடுக்காமல் விட்ட அந்த வருசம் இரவுகளில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுததையும் சொன்னேன். இவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானும் சொன்னார், ரோசாத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய் அழுததை. மரப்பாலத்தில் ஏறும்போது இவருடைய குரல் போனிலும் காற்றிலும் இரண்டாகக் கேட்கத் தொடங்கியது. இவர் மறுபடியும் வாங்கில் தன் இடத்தில் இருந்துகொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக் கதைத்தார். இத்தனை வருசமும் இப்படித்தான் கதைத்திருக்க வேண்டும். நான் கிட்ட வருவதை இவர் காணவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று இவருக்குள் இருந்த மணிக்கூடு சொல்லியிருக்க வேண்டும். பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எப்ப மலர் வருவீர்?"

நான் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இவர் எட்டு வருசமாக விட்டு வைத்திருந்த அந்த இடத்தில் இருந்தேன்.

"வந்திட்டன்" என்றேன்.

இவர் கண்ணைத் திறந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.